விண்கலத்துக்குப் போன கீபோர்டு மூட்டை

1. எதில் சொருகுவாள்?

ராஜபாளையத்தில் ரொம்ப வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பாதி வேலை மில்களில்தான். அங்கே கீபோர்டு செத்தால் பெரும்பாலும் பஞ்சுத் தூசிதான் காரணம். கழற்றி, புளோயரால் ஊதி, துடைத்து மாட்டிக் கொடுப்பேன். அழுக்கோடு ஒரு சாமான் என் கடைப் படி இறங்கியதே இல்லை. அந்தத் திமிர்தான் ஒரு பிள்ளையின் படத்துக்கு உலை வைக்கப் பார்த்தது.

திவ்யா ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். கல்லூரியில் கடைசி வருடம். படிப்பை முடிக்க அவள் ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"அண்ணாச்சி, பழைய கீபோர்டு எம்புட்டு இருக்கு?"

"ஒரு மூட்டை கெடக்கு. எதுக்கு தாயி?"

"விண்கலத்துக்கு."

கதையையும் சொன்னாள். இருநூறு வருடம் கழித்து ஒரு விண்கலம். சூரியப் புயலில் தொடுதிரை அத்தனையும் செத்துவிடுகிறது. பூமிக்குத் திரும்ப வழியில்லை. ஸ்டோர் ரூமில் நம் காலத்துக் கீபோர்டுகள் கிடக்கின்றன. அதில் ஒன்றை மாட்டித்தான் கேப்டன் பெண் கலத்தைத் திருப்புகிறாள்.

"எல்லாஞ் சரி. அதோட உருண்டைப் பின்னை அந்தக் காலத்து மிஷின்ல எதுல சொருகுவா?"

"கதையில சொருகுனா சொருகுனதுதான் அண்ணாச்சி!"

எனக்கு மனசு ஆறவில்லை. இருந்தாலும் பிள்ளையின் ஆர்வம் பிடித்திருந்தது. மில் மேனேஜரிடம் பேசி, மிஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு, விண்கலமாகக் காட்டிப் படம் பிடிக்க, மில் ஹாலும் வாங்கிக் கொடுத்தேன்.

2. சுத்தம் செய்த வினை

ஞாயிறு காலை மில்லில் மூட்டையைப் பிரித்தேன். திவ்யா முகம் செத்துப்போனது.

"என்ன அண்ணாச்சி, புதுசு வாங்குனியளா?"

"பழசுதான் தாயி. சோப்புப் போட்டுக் கழுவி, பெராக்சைடு தடவி, மொட்டை மாடி வெயில்ல வச்சேன். மஞ்சக் கறை பூரா போயிருச்சு பாத்தியா!"

"ஐயோ, எனக்கு அந்தக் கறைதான வேணும்!" கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "இருநூறு வருசம் கெடந்த சாமான் பல்லு வெளக்குன மாதிரி இருந்தா பாக்குறவிய சிரிக்க மாட்டாவளா? நாளைக்கு மிஷின் ஓட ஆரம்பிச்சிரும். இன்னைக்கு விட்டா என் படம் போச்சு."

ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மிஷினுக்கு அடியில் பழைய ஆயில் கறுப்பாக வழிந்திருந்தது. மேலே குழாய் நெடுக அரை விரல் கனத்துக்குப் பஞ்சுத் தூசி.

ஆயிலைத் துணியில் தொட்டு ஒவ்வொரு கீபோர்டாகத் தேய்த்தேன். தூசியை வாரி அதன்மேல் தூவினேன். கை கூசியது. ஆயுசு பூரா ஊதித் தள்ளியதை நானே அள்ளிப் போடுகிறேனே!

எட்டிப் பார்த்த மேனேஜர் பதறிவிட்டார். "என்னய்யா பண்ணுதீரு?"

"பேசாம இருங்க சார். இதுவும் சர்வீஸ்தான்."

திவ்யா மட்டும் பக்கத்திலேயே நின்று, "இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளோடு படிக்கிற பிள்ளைகள் கேமராவை ஆன் செய்துவிட்டார்கள்.

3. கல்லூரி அரங்கில்

படம் போட்ட அன்று நானும் மேனேஜரும் போயிருந்தோம். திரையில் கேப்டன் பெண் கீபோர்டை எடுத்து ஊதினாள். டார்ச் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி எழும்பி மெல்ல மிதந்தது. அரங்கில் சத்தமே இல்லை. சிரிப்பார்கள் என்று பயந்த இடம் அது.

அவள் ஒரு பட்டனை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். அந்தக் கீபோர்டின் ஒயரை வெட்டி, விண்கலத்துக்காகச் செய்த அட்டைப் பலகைக்குப் பின்னால் செருகியதே நான்தான். ஆனாலும் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, 'வேலை செஞ்சிரு, வேலை செஞ்சிரு' என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது அமுக்கில் கலத்தின் விளக்கெல்லாம் எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் திவ்யா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன்?

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சாமான் எதற்கு என்று கேட்டால் மட்டும் போதாது, எப்படி இருக்கணும் என்றும் கேளுங்கள். நம் கைப்பழக்கம் எல்லோருக்கும் பொருந்தாது.

அரங்கில் விளக்குப் போட்டதும் மேனேஜர் என் காதருகே குனிந்தார். "அந்தக் கீபோர்டு நல்லா வேலை செய்யுதே அண்ணாச்சி. நம்ம ஸ்டோருக்கு அதக் குடுத்திரும்."

"இப்பத்தான் பூமிக்கு வந்துக்கிட்டு இருக்கு சார். எறங்கட்டும், தாரேன்."