விண்வெளியிலிருந்து நான் பேசிய புதன்கிழமைகள்

அறுபதுகளின் நடுவில், எல்லையில் சண்டை நடந்த வருஷம் அது. நான் அப்போது தென்காசியில் பள்ளி ஆசிரியை. வானொலியில் புதன்கிழமைதோறும் ஒரு விஞ்ஞானத் தொடர் நாடகம் ஒலிபரப்பத் திட்டமிட்டார்கள். ராக்கெட்டில் ஏறி வேற்றுக் கிரகத்துக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை. சும்மா குரல் தேர்வுக்குப் போன எனக்கு, அந்தப் பெண்ணின் வேஷமே கிடைத்துவிட்டது.

ராக்கெட் கிளம்பும் சத்தத்துக்கு என்ன செய்வது என்று தயாரிப்பாளர் தவித்தார். "எங்க ஊர் அருவி போதுமா பாருங்க சார்" என்றேன் விளையாட்டாக. மறுவாரமே ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஐந்தருவிக்கு வந்துவிட்டார் மனிதர். குடைக்குள் நின்று மைக்கை நீட்டிக்கொண்டிருந்தவரை, எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது. வானொலி நிலையத்தில் அந்த ஒலிநாடாவை வேகம் குறைத்து ஓடவிட்டார். அறையே அதிர்ந்தது. சின்ன வயசிலிருந்து நான் நனைந்த தண்ணீர், பூமியை உதைத்துவிட்டு வானத்துக்குக் கிளம்பியது! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

ஊரில் நாடகத்துக்கு அப்படி ஒரு வரவேற்பு. பூங்காவிலிருந்த ரேடியோவுக்கு முன்னால் புதன்கிழமை உட்கார இடம் கிடைக்காது. காய்கறிக்கார அண்ணாச்சி, "டீச்சர், இந்த வாரம் எங்கன எறங்குதீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தூக்குவார்.

ஒரு வாரம் கதையில் விண்கலம் பழுதாகி, பூமியோடு தொடர்பு அறுந்துபோனது. "நான் பேசுவது யாருக்காவது கேட்கிறதா?" என்று இருட்டிலிருந்து நான் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதோடு அந்தப் பகுதி முடிந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும், வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. கடையத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"நீங்கதான ரேடியோவுல பேசுத அக்கா?"

"ஆமாம்மா."

"அவ திரும்பி வந்துருவாளாக்கா?"

சிரிக்கப் போன நான், அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். அவள் கணவர் பட்டாளத்தில் இருந்தார். சண்டை தொடங்கியதிலிருந்து ஒரு தகவலும் இல்லையாம்.

"கதைன்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா நீங்க கூப்பிட்டது, அவுக கூப்பிட்ட மாதிரியே இருந்துச்சு. அவளாவது வீடு வந்து சேரணும்."

கதை எப்படி முடியும் என்று எனக்கே தெரியாது. சனிக்கிழமை ஒலிப்பதிவுக்குப் போனபோதுதான் கடைசிப் பகுதியைக் கையில் கொடுத்தார்கள். படித்தேன். கதையில் அந்தப் பெண் பூமிக்குத் திரும்பவில்லை.

தயாரிப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன். நாடகத்தை எழுதியவரும் அவர்தான்; என் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டார். பிறகு, "சாகடிக்கிறது எனக்குச் சுலபமா இருந்துச்சும்மா. எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க" என்றார். மத்தியானம் வரை கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்.

புதன்கிழமை அந்தக் கடையத்துப் பெண்ணை என் வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தேன். "கேட்கிறது! உங்கள் குரல் கேட்கிறது!" என்று பூமியிலிருந்து பதில் வந்ததும், பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு தேம்பினாள். நான் பக்கத்திலேயே இருந்தும் அவள் பார்வை என் பக்கம் திரும்பவில்லை. ரேடியோவின் சின்ன விளக்கையே பார்த்திருந்தாள். தொடர்ந்து ரேடியோவில் ஒலித்தது என் குரல்தான், ஆனால் அது எனக்கே யாருடையதோ போல, எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல இருந்தது. கைகூப்பத் தோன்றியது.

கார்த்திகையில் அவள் கணவர் வந்து சேர்ந்தார், ஒரு கை விளங்காமல். அது நாடகத்தால் நடந்ததில்லை என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் யாரோ உட்கார்ந்து கற்பனையாய் எழுதிய நாலு வரி, ஒரு மனுஷியை அத்தனை நாளும் தாங்கிப் பிடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, எதையும் "வெறும் கதைதானே" என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை.