மூன்றாவது வீட்டு ஜன்னல்

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் என்னைச் சுற்றிப் பத்துப் பேர் சாமி வந்து ஆடினாலும் நான் பாட்டுக்கு மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருப்பேன். பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன்.

ஜப்பான்காரனோடு சண்டை நடந்த காலம். திண்டிவனத்துக்கு வெளியே பாறைக்காட்டில் பட்டாளத்தார் ஒரு பொய்த் தெருவே கட்டியிருந்தார்கள். மூங்கில் தட்டியில் மண் பூசிய நான்கு வீடுகள், கதவு, ஜன்னல் எல்லாம் உண்டு, குடியிருப்பவர்கள் மட்டும் வைக்கோல் பொம்மைகள். காக்கிச் சட்டை, தலைக்கு மண்சட்டி, அதில் சுண்ணாம்பால் கண்ணும் மூக்கும். ஊருக்குள் புகுந்து வீடு வீடாகச் சண்டை போட சிப்பாய்களுக்குப் பழக்கம் வேண்டுமாம். பக்கத்துப் பள்ளத்தில் உட்கார்ந்து, கூலிக்குப் போன நாங்கள் கயிற்றை இழுத்தால் பொம்மை ஜன்னலில் எழும்பும், சிப்பாய் சுடுவான், சட்டி சிதறும், எங்களுக்குச் சிரிப்புத் தாங்காது. நடுவில் புடவை கட்டிய பொம்மை ஒன்றையும் தூக்குவோம். அதைச் சுடக்கூடாது. சுட்டவன் துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும்.

மூன்றாவது வீட்டுக் கயிறு கெடார் ஊர்க்காரர் பொன்னுசாமி கையில். நாற்பது வயசு, முறுக்கிய மீசை. அன்று மதியம் கேப்பைக் கூழை வயிறு முட்டக் குடித்தவர், பள்ளத்து வெயில் தாங்காமல் அந்த வீட்டுக்குள்ளேயே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார். எங்கள் யாருக்கும் தெரியாது. விசில் ஊதியாயிற்று. பொம்மை எழும்பாவிட்டால் ஜன்னல் வழியாகச் சுட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்பது உத்தரவு.

இரண்டு வீடு முடிந்தது. ஒரு பஞ்சாபிச் சிப்பாய் மூன்றாவது வீட்டுக்குக் குறி வைத்தான். நான் தலையை நீட்டிப் பார்த்தேன். ஜன்னலில் புடவை தெரிந்தது. சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே ஓடி, அடுத்த நிமிஷம் பொன்னுசாமியைக் காதைப் பிடித்து இழுத்து வந்தான்.

"பொம்பள பொம்மைய எப்பண்ணா எட்த்தாந்தீங்க?" என்றேன்.

"நான் எங்கப்பா எட்த்தேன்? செவனேன்னு பட்துக்கினு இருந்தேன், இவன் வந்து காத திருகறான்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பொம்மை காலையிலேயே தலை உடைந்து, நானே தூக்கிப்போய்க் கொட்டகையில் போட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தலையில்லாமல், வைக்கோல் பிதுங்கிக்கொண்டு, போட்ட இடத்திலேயே கிடந்தது.

பொன்னுசாமியிடம் சொன்னால் மீசையை முறுக்குகிறார். "அப்டின்னா எவளோ எம்மேல ஆசப்பட்டு வந்துக்கிறா போல!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம், நானும்தான்.

சாயங்காலம் டீ நேரத்தில் அந்தச் சிப்பாய் என்னைத் தேடி வந்தான். அவனுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, எனக்குத்தான் அரைகுறை இந்துஸ்தானி. ஜன்னலில் நின்றவள் தன்னைப் பார்த்து ஏதோ சொன்னாளாம், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். உதட்டில் விரலை வைத்து, அவள் சொன்ன மாதிரியே மெதுவாகச் சொல்லிக் காட்டினான்.

"புள்ள தூங்குது."

இன்றைக்கும் என் மருமகள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அதைச் சொல்லும்போது நான் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.