ஞாயிற்றுக்கிழமைக் கொடியில் துணி

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்கு வந்துபோன பாதிப் பேரைப் போட்டோ எடுத்தவன் சோர்லி மக்காஸ்கில். பதினாறு பேர் உட்காரும் சுற்றுலா வண்டிக்கு அவன் டிரைவர். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த நேரத்தைவிட அடுத்தவர் கேமராவைப் பிடித்த நேரம்தான் அதிகம். இடிந்த கோட்டைக்கு முன்னால் புதுமணத் தம்பதி, மீனவக் கிராமத்துப் படகுத்துறையில் மாமியார், கடலேரிக் கரையில் மழையில் ஊறிய குடும்பம் என்று இருபது வருஷமாக எடுத்துத் தள்ளியிருக்கிறான். எந்த வீட்டுச் சுவரிலும் அவன் முகம் இல்லை. சில படங்களில் கட்டைவிரல் மட்டும் ஓரமாக வந்திருக்கும்.

கல்யாணம் ஆகவில்லை. "பொண்ணு பாக்கத்தான் கெளம்பினேன். ஆட்டுக்கு வழி விட்டு வழி விட்டு வயசாயிடுச்சு" என்பான். சொந்தமென்று இருந்தவள் அக்கா டாலினா ஒருத்திதான். அவளும் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வண்டி ஓட்ட அவன் ஒப்புக்கொண்டதுதான் குற்றம். அவர்கள் ஊரில் ஞாயிறு கர்த்தருக்கான ஓய்வுநாள், எந்த வேலையும் ஆகாது. அன்று கொடியில் துணி காயாது. சனிக்கிழமை மறந்துவிட்ட துணியை ஞாயிறன்று எடுக்கவும் கூடாது. சேவலே கொஞ்சம் யோசித்துத்தான் கூவும்.

"ஒண்ணு அந்த வண்டி, இல்லன்னா இந்த வீட்டுப் படி. நரகத்துக்குப் போறவன் எனக்குத் தம்பி இல்ல" என்றாள் டாலினா. சோர்லியும் அதே பாறையில் உடைத்த கல்தானே. சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

போனவன் முழுசாகப் போகவில்லை. கோட்டையைப் படம் பிடிக்க நல்ல இடங்கள் மூன்று உண்டு. சோர்லி நிறுத்துவது நாலாவது இடத்தில். அங்கிருந்து கோட்டை பாதிதான் தெரியும். ஆனால் கடலேரிக்கு அந்தப்பக்கம் டாலினா வீட்டின் பின்புறம் முழுசாகத் தெரியும். "பெரிய லென்ஸ் யாருகிட்ட இருக்கு?" என்று வாங்கி, கோட்டையைப் பார்க்கிற பாவனையில் அவள் புகைபோக்கியைப் பார்ப்பான். புகை வந்தால், "பிரமாதமான வெளிச்சம்" என்பான். மழை கொட்டினாலும் அதையேதான் சொல்வான்.

அந்த ஞாயிறு காலை, ஜெர்மனியில் கொலோனிலிருந்து வந்த உர்சுலா என்ற அம்மாவிடம் முழங்கை நீள லென்ஸ் இருந்தது. சோர்லி கண்ணை வைத்தான். புகை இல்லை. கொடியில் துணி ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன சோர்லி, மூஞ்சி இப்பிடிப் போச்சு? மிச்சக் கோட்டையும் இடிஞ்சிடுச்சா?" என்றாள் உர்சுலா.

"துணி காயுதும்மா."

"காய்ஞ்சா நல்லதுதானே?"

"எங்க அக்கா செத்தாலும் ஞாயித்துக்கிழமை துணியை வெளிய விடமாட்டா. நேத்தே எடுத்திருக்கணும். எடுக்க முடியாம என்னமோ ஆயிருக்கு."

போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதில் ஒன்றும் தெரியாது. ஞாயிறன்று அவள் போனும் எடுக்கமாட்டாள். பக்கத்து வீடுகளிலும் அதே விரதம்.

"எல்லாரும் ஏறுங்க. கோட்டை எண்ணூறு வருஷமா நிக்குது, சாயங்காலம் வரைக்கும் நிக்காதா?"

உர்சுலா ஏற்கெனவே ஏறியிருந்தாள். "பேசாம ஓட்டுங்க."

தண்ணீர் வழி ஒரு மைல், சாலை வழி பதினாலு. ஒரு வண்டி மட்டுமே போகிற சாலையில் ஆடுகள் படுத்திருந்தன. இருபது வருஷமாக வழி விட்டவன் அன்று ஹாரன் அடித்தான். ஊருக்குள் நுழைந்தும் கையை எடுக்கவில்லை. ஜன்னல் திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அசைந்தன.

டாலினா சமையலறைத் தரையில் கிடந்தாள். கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. மேசை விரிப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"யாருடா ஹாரன் அடிச்சது?"

"நான்தான்க்கா."

"ஞாயித்துக்கிழமை."

"ஆமாக்கா."

ஆறு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு இது. சோர்லிக்கு அழுகை வந்தது. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்து அதை ஜலதோஷமாக்கிவிட்டான்.

உர்சுலா ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, கண்ணில் பட்ட கம்பளியையெல்லாம் கொண்டுவந்து போர்த்தினாள். டாலினா தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். வலிக்கிறதாக்கும் என்று குனிந்தான்.

"கொடியில துணி கெடக்கு" என்றாள் காதருகில். "ஆம்புலன்ஸ்காரங்க பின்பக்கமாத்தான் வருவாங்க. நான் ஒண்ணும் எடுக்கச் சொல்லல. இன்னிக்கு யாரையும் வேலை ஏவமாட்டேன். கெடக்குன்னுதான் சொன்னேன்."

"புரியுதுக்கா. நான்தான் நரகத்துக்குப் போறவனாச்சே. போற வழியில நாலு துணி எடுத்துட்டுப் போறேன்."

"வாய் மட்டும் கொறையல."

இரண்டு துண்டு, ஒரு தலையணை உறை. கடைசியாக நீலக் கோடு போட்ட படுக்கை விரிப்பு. அதன் ஓரத்தில், பன்னிரண்டு வயதில் அவன் திருட்டு சிகரெட்டால் சுட்ட ஓட்டை. அதன்மேல் அக்காவின் தையல். பின்னறையில் அவன் கட்டிலில் கிடந்த விரிப்பு. ஆறு வருஷமாக அந்தக் கட்டிலில் யாரும் படுக்கவில்லை. துவைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

விரிப்பில் முகத்தை வைத்தபடி நின்றவன், கிளிக் என்ற சத்தத்துக்குத் திரும்பினான். உர்சுலா.

"அழிச்சிடுங்கம்மா. நான் யார் படத்துலயும் இருக்கறதில்ல."

"உங்க அக்கா சொன்னா அழிக்கிறேன்."

உள்ளே போய்க் காட்டினாள். டாலினா வெகுநேரம் பார்த்தாள்.

"விரிப்பைத் தரையில பொரள விட்டிருக்கான் பாரு, தடியன்" என்றாள். பிறகு, கதவைப் பார்த்துக் குரலைத் தணித்து, "இதை ஒண்ணு பிரிண்டு போட்டுக் குடுப்பீங்களா? இன்னிக்கு வேணாம். திங்கக்கிழமை."