கால் முறிந்த வெள்ளிக்கிழமை

எழுபதுகளின் நடுவில் நான் துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் ஒரு கல் குவாரியில் ஃபிட்டராக இருந்தேன். கம்ப்ரஸர், கிரஷர், லாரி என்று எது நின்றாலும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வரும். ஒரு குளிர்காலத்தில் துப்பாக்கி ஒன்று வந்தது.

கொண்டுவந்தவர் குவாரிக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் அரபி. மலைக்கு மேலே கல் வீடுகளில் வாழும் கூட்டத்தைச் சேர்ந்தவர், என் வயதுதான் இருக்கும். சாக்கில் சுற்றியிருந்ததைப் பிரித்துக் காட்டினார். குழாயின் வாய் வழியாக மருந்தையும் ஈயக் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடுகிற பழைய நீளத் துப்பாக்கி. தென்காசிப் பக்கம் என் மாமா ஒருவர் காட்டுப்பன்றிக்காக இதே மாதிரி ஒன்று வைத்திருந்தார், அதனால் எனக்கு அது புதிதில்லை. மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் கேப்பின் மேல் அடிக்கும் குதிரை, தூக்கினால் நிற்காமல் விழுந்தது. உள்ளே ஸ்பிரிங் முறிந்திருந்தது. கம்ப்ரஸரிலிருந்து கழற்றிப் போட்ட எஃகுப் பட்டை ஒன்றை வெட்டி, காய்ச்சி, வளைத்து மாட்டிக் கொடுத்தேன்.

அவர் குதிரையைத் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தார். "பஹுத் அச்சா" என்றார். அவருக்குக் கொஞ்சம் உருது தெரியும், எனக்குக் கொஞ்சம் அரபி. பாதி அதிலும் பாதி கையசைவிலுமாக, வெள்ளிக்கிழமை மான் அடிக்கப் போகிறேன், நீயும் வா என்று கூப்பிட்டார்.

கேம்ப்பில் எங்களுக்குச் சமைத்துப் போட்டவர் அம்பாசமுத்திரத்துக்காரர். அவரிடம் சொன்னேன்.

"என்னவே, நெசமாவா? அந்த ஓட்டைக் குழாய வச்சுக்கிட்டா மான் அடிக்கப் போறீரு?"

"ஓட்டை இல்லாம எப்படிவே சுட?"

"சரி, சரி. அடிச்சா ஒரு தொடையாவது இங்க வரணும். ஐஸ் கோழியத் தின்னு தின்னு நாக்கே செத்துப் போச்சு."

வெள்ளிக்கிழமை விடியும்போது மலை ஏறிக்கொண்டிருந்தோம். இந்த நாட்டில் குளிர் இருக்கும் என்று நினைத்து நான் பெட்டி கட்டியிருக்கவில்லை. இரண்டு சட்டையும் அதன் மேல் ஒர்க்‌ஷாப் உடுப்பும்தான். மேலே போகப் போக மேகம் பாறைகளில் இறங்கி, ஊசி ஊசியாகத் தூறல் போட்டது. பல் கிட்டித்தது. அவர் தன் தோளில் கிடந்த ஆட்டுமயிர்க் கம்பளியை எடுத்து என் மேல் போட்டார். நன்றி சொல்லக் கூட வாய் ஒத்துழைக்கவில்லை. அவர் கவலையெல்லாம் துப்பாக்கி நனையக் கூடாது என்பதில்தான். குதிரையின் மேல் துணி சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் என் தோளை அழுத்திப் படுக்க வைத்தார். கீழே முள்மரத்தடியில் மூன்று மான்கள் நின்றன. அவர் துப்பாக்கியைக் கல்லின் மேல் வைத்து, துணியை அவிழ்த்து, வெகுநேரம் குறி பார்த்தார். வெடித்ததும் ஈரக் காற்றில் புகை அப்படியே நின்றுவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. புகை விலகியபோது இரண்டு மான்கள் எதிர்ச் சரிவில் பாய்ந்துகொண்டிருந்தன. கொம்பு வைத்த ஆண் மான் பின்னங்காலை இழுத்துக்கொண்டு தனியே பாறைகளுக்குள் போனது.

"யல்லா!" என்று ஓடினார். இரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து ஓடியவர் நனைந்த பாறையில் வழுக்கினார். ஆள் உயரப் பள்ளத்தில் விழுந்தார். விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். நான் இறங்கிப் பார்த்தபோது இடது முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

"மான் எங்கே?" என்று கேட்டார்.

சற்றுத் தள்ளி, ஒரு பாறை ஓரத்தில் அது படுத்து இரைத்துக்கொண்டிருந்தது. சொன்னேன்.

"இங்கே கொண்டு வா. உயிரோடு."

"முதலில் உன் காலைப் பார், பாய்."

"கால் எங்கேயும் போகாது. அது தானாகச் செத்துப் போனால் ஹராம், தின்னக் கூடாது. சுட்டது வீண்."

போனேன். மான் எழ முயன்றது, முடியவில்லை. கொம்பையும் முன்னங்கால்களையும் பிடித்து மார்போடு தூக்கினேன். நினைத்ததைவிடக் கனமில்லை. அதன் மூச்சு என் மணிக்கட்டில் சுடச்சுடப் பட்டது. குளிரில் மரத்துப் போன விரல்களுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது, அப்படி இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. ஆனாலும் கத்தியை எடுத்து, இறைவன் பெயரைச் சொல்லி, ஒரே இழுப்பில் முடித்துவிட்டுப் பின்னால் சாய்ந்தார்.

இரண்டு காய்ந்த கிளைகளை வைத்து, அவர் தலைத்துணியைக் கிழித்துக் காலைக் கட்டினேன். அலறவில்லை, என் தோளைப் பிடித்திருந்த கைதான் இறுகியது. அவர்கள் வீடுகள் மேலே இருந்தன. ஆனால் மேகத்துக்குள் வழி எனக்குத் தெரியாது. கத்திப் பார்த்தேன். பதில் இல்லை.

"துப்பாக்கியால் சுடு. குண்டு வேண்டாம், மருந்து மட்டும்" என்றார். "வேட்டைக்குப் போனவன் ஒரு தடவைதான் சுடுவான். விடாமல் கேட்டால் வருவார்கள்."

மருந்தைக் கொட்டி, துணி திணித்து, கம்பியால் இடித்தேன். விரலிலிருந்து கேப் நழுவிக் கற்களுக்கிடையில் விழுந்தது. அடுத்ததை வைத்து அழுத்தினேன். டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. ஈரம். துடைத்து, வேறு கேப் வைத்து மறுபடி அழுத்தியபோது மலையே அதிர்ந்தது. மருந்து தீரும் வரை சுட்டேன்.

பிறகு ஒரே கம்பளிக்குள் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்தோம். எனக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு பெண் குழந்தை, இன்னும் முகம் பார்க்கவில்லை என்றேன்.

"பார்க்காமல் இங்கே என்ன செய்கிறாய்?"

"உன் துப்பாக்கிக்கு ஸ்பிரிங் போடுகிறேன்."

அவர் சிரித்தார். சிரித்ததில் கால் அசைந்து என்னவோ திட்டினார். அந்த நேரம்தான் மேலிருந்து ஒரு கூப்பாடு கேட்டது.

வந்தது அவர் தம்பி, கூடவே ஒரு கழுதை. முதலில் காலைப் பார்த்தான், பிறகு மானை, கடைசியாக மருந்துக் கரி அப்பிய என் முகத்தை. "யார் சுட்டது?" என்று கேட்டான். "ஹிந்தி" என்று என்னைக் காட்டினார் அவர். அரபியில் இந்தியாக்காரன் என்று அர்த்தம். அவரைக் கழுதையில் ஏற்றி மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்து, குவாரி ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தம்பி, தான் சுமந்து வந்த மானை அங்கேயே உரித்து, ஒரு பின்தொடையை என் தோளில் வைத்தான்.

சமையற்காரர் மிளகைத் தாராளமாக அரைத்துப் போட்டு வறுத்தார். மணிக்கட்டில் பட்ட அந்த மூச்சு நினைவிருந்தது, என்னால் சாப்பிட முடியாது என்றுதான் நினைத்தேன். பகல் முழுக்க ஒன்றும் தின்றிருக்கவில்லை. வாசனை வந்ததும் தட்டை நீட்டினேன். இரண்டாம் முறையும் நீட்டினேன்.

குளிர் போய் வெயில் ஏறத் தொடங்கியபோது தண்ணீர் லாரிக்காரர் வேலைக்குத் திரும்பினார். கிளட்ச் மிதிக்கும் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டிருந்தது. லாரியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாமா என்று சூப்பர்வைசர் என்னிடம் கேட்டார். வேண்டாம், மிதியின் மேல் ஒரு கட்டை வைத்து வெல்ட் பண்ணிவிடலாம் என்றேன். அந்த மாலையே செய்து கொடுத்தேன். லாரிக்காரர் ஏறி உட்கார்ந்து, மிதித்துப் பார்த்து, தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.