ஜன்னலோர மேஜை

வாடகை வீட்டைக் காலி செய்கிறோம். பாத்திரமெல்லாம் மூட்டைக்குள் போய்விட்டதால் மகள் போனிலேயே சாப்பாடு வரவழைத்தாள். பொட்டலத்தைப் பிரித்ததும் வெங்காய சாம்பார் வாசனை. சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. சேது அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு டவுன்ஷிப்பில் அப்பாவுக்கு வேலை. அங்கே இருந்தது ஒரே ஷாப்பிங் சென்டர், அதில் ஒரே ஓட்டல், சேது அண்ணனுடையது. யார் ரிட்டயர் ஆனாலும் மாற்றலானாலும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அன்றைக்கு அவரே வீடு தேடி வருவார். "சாமான்லாம் கட்டியாச்சு, இன்னாத்துல சமைப்பீங்க? நம்ம கடைக்கு வாங்க." காசு வாங்க மாட்டார். அவர்களுக்கென்றே ஒதுக்கிவைத்த ஜன்னலோர மேஜையில் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நாளை வகுப்பில் ஓர் இடம் காலி என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு கடைகளுக்குப் புதிதாக டெண்டர் விட்டார்கள். ஓட்டல் வேறு ஆளுக்குப் போனது. சேது அண்ணன் காலி செய்த அன்று அம்மா கேட்டாள், "அவங்க மத்தியானம் எங்க சாப்பிடுவாங்க?"

"ஓட்டல்காரருக்குச் சாப்பாட்டுக்கா பஞ்சம்?" என்றார் அப்பா. எல்லா வீட்டிலும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் பால் வாங்கப் போனேன். லாரி இன்னும் கிளம்பவில்லை. ஏற்றாமல் மிச்சமிருந்த அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அவரும் மனைவியும் ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"சாப்ட்டியா கண்ணு?"

"சாப்பாடு ஆறுதுப்பா" என்கிறாள் மகள்.