அரை நிமிடப் பேச்சு உலகத்துக்கே தெரிந்த கதை

போன சனிக்கிழமை பிடித்த படபடப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆமி முகாமுக்கே தெரிந்துவிட்ட விஷயம்... இனி உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

இராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில், பேசாலையில் இருக்கும் சூசைதாசன் என் மனைவியின் தம்பி. லைசென்ஸ் வைத்திருக்கும் அமெச்சூர் ரேடியோக்காரன். வீட்டில் இருந்தபடி, கடல் தாண்டி இருக்கும் முகம் தெரியாதவர்களோடு வானொலியில் பேசுவது இவர்களுக்குப் பொழுதுபோக்கு. சண்டை நேரம் முகாமில் ஒப்படைத்த ரேடியோ செட், சமாதானப் பேச்சு தொடங்கிய பிறகுதான் திரும்பி வந்தது. ஒரு நிபந்தனை — கேட்கலாம், பேசக்கூடாது.

பேச ஆசைப்பட்டு லைசென்ஸ் எடுத்தவன் எத்தனை நாளைக்குக் கேட்டுக்கொண்டே இருப்பான்?

சனிக்கிழமை நான் அவன் வீட்டுக்குப் போனபோது ரேடியோக்காரர்களின் உலகப் போட்டி. யார் அதிக நாடுகளோடு பேசுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஸ்பீக்கரில் ஒரே சந்தை இரைச்சல்.

"இந்தச் சந்தைக்குள்ள என்ர குரலை ஆர் கவனிக்கப்போறான் அத்தான்? ஒருக்கா மட்டும்."

நான் வேண்டாம் என்பதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டான். ஆளில்லாத ஓர் அலைவரிசையில், லைசென்ஸில் பெயருக்குப் பதிலாகக் கொடுத்திருக்கும் தன் அழைப்புக்குறியைச் சொன்னான். இராமேஸ்வரம் பக்கத்து நண்பர் ஒருவர் பதில் சொன்னார். இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். மச்சான் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

தேத்தண்ணீரை வாயில் வைக்கவில்லை... ஓர் இத்தாலிக்காரர் இவன் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டார். அடுத்து ஒரு ஜப்பான்காரி. பிறகு யார் யாரென்றே தெரியவில்லை — ஒன்றின் மேல் ஒன்றாகக் குரல்கள், எல்லாம் இவனைத் தேடி. ஒழுங்கை முனையில், தெரு திரும்பும் இடத்தில், ஆமிச் சென்றி, இரவுபகல் காவல். சத்தத்தைக் குறைக்கப் போன மச்சான் பதற்றத்தில் கூட்டிவிட்டான்.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி ஓடிவந்தாள். "என்னப்பா இது? ஆர் உங்களைக் கூப்பிடுறது?"

"தெரியேல்லையப்பா," என்றபடி வயரைப் பிடுங்கினான்.

உடனே இராமேஸ்வரத்துக்குப் போன் போட்டோம். நண்பர் குரலில் உற்சாகம். "உங்களைக் கம்ப்யூட்டர்ல பதிஞ்சு என்டர் தட்டினேன் சார். எந்த ஸ்டேஷன், எந்த அலைவரிசைன்னு சாஃப்ட்வேர் தானாவே இன்டர்நெட்ல உலகம் பூரா போட்டுரும். உங்க பக்கத்துக் குரல் கேட்டு வருஷக்கணக்காச்சே, விடுவாங்களா?"

திங்கட்கிழமை முகாமுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. மச்சான் போனான். அவன் மனைவி வாசல் கேற்றைப் பிடித்தபடி நின்றாள். அப்படிக் கூப்பிட்டுப் போய்த் திரும்பாதவர்களை எண்ணிக்கொண்டு நான் ஒழுங்கைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பின்னேரம்தான் வந்தான். செட் வரவில்லை. உயிர் வந்ததே, அது போதும்.

"சென்றியில நிண்டவனுக்கு ஒண்டும் கேக்கேல்லையாம் அத்தான். முகாம் பெரியவர் கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினார். அதில என்ர அழைப்புக்குறி கிடக்கு, நேரத்தோட."

சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு, வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துத் தலையாட்டி ஆமிக்குக் காட்டிக்கொடுத்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்குப் பயந்து வாயை மூடப் பழகியவர்கள் நாம். இப்போது காட்டிக்கொடுக்க எதிரி வேண்டாம், நல்லது செய்வதாக நினைக்கும் நண்பர் ஒருவர் போதும்.

அந்தத் தலையாட்டிகளாவது ஆளைப் பார்த்துத்தான் தலையாட்டினார்கள். இந்தக் கம்ப்யூட்டர் பார்க்காமலே ஆட்டுகிறது.