முத்தம்மா ஏலம் கேட்ட முள்

முத்தம்மாவை யாராவது கேலி செய்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவளைக் கேலி செய்யும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. அவள் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். நான் அவளிடம் ஏலம் எடுத்துத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்கிறவள். அவள் குரல் எழும்பினால் ஐஸ் உடைக்கிறவன்கூடக் கையை நிறுத்திவிடுவான்.

எர்ணாவூர் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் அவள் வீடு. உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்கத் தூண்டில் முள். இரும்பு முள் இல்லை. எலும்பில் செய்தது, கிளிஞ்சலில் செய்தது, ஆமை ஓட்டில் செய்தது. இரும்பையே பார்த்திராத தீவுக்காரர்கள் எந்தக் காலத்திலோ இழைத்து இழைத்துச் செய்தவை. எல்லாம் ஏலத்தில் எடுத்தவை. ஊரில் அவளுக்கு 'முள்ளு முத்தம்மா' என்றே பெயர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இந்தப் பைத்தியம் பிடித்தது ராயபுரத்தில். பழைய சாமான் ஏலத்துக்கு இரும்புக் கட்டில் வாங்கப் போனவள், கட்டிலோடு சேர்த்து ஏலக்காரன் அவள் தலையில் கட்டிவிட்ட தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் ஒரு எலும்பு முள். நுனி வெளியே நீட்டாமல் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

"இதுல எப்டிக்கா மீனு மாட்டும்?" என்று சிரித்தேன்.

"மாட்டாமலா செஞ்சிருப்பான்? அவனும் புள்ளகுட்டிக்காரன்தானே" என்றாள்.

அதோடு விட்டாளா? அதே மாதிரி ஒன்றை மாட்டெலும்பில் செதுக்க வைத்து, தன் பிள்ளை விமலிடம் கொடுத்துக் கடலுக்கு அனுப்பினாள். அவன் ஒரு பெரிய சங்கராவோடு திரும்பி வந்தான். அந்த மீனை வறுக்கும்போது, முகம் தெரியாத அந்தத் தீவுக்காரனைத் தன் கூடப் பிறந்தவன் மாதிரி மெச்சிக்கொண்டே இருந்தாள். எனக்கே பொறாமையாக இருந்தது.

அப்புறம் மருமகள் கீர்த்தி போனில் வெளிநாட்டு ஏலங்களைப் படித்துச் சொல்வாள். முத்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. யார் ஆசையில் கேட்கிறான், யார் வீம்புக்குக் கேட்கிறான் என்பது மட்டும் தெரியும். அதை வைத்தே ஒவ்வொன்றாகப் பிடித்தாள். நகை நட்டு வாங்கவில்லை, பட்டுப் புடவை எடுக்கவில்லை. திட்டித் திட்டி என் வாய்தான் வலித்தது.

ஆனால் ஒரு முள் மட்டும் அவளுக்கு அகப்படவே இல்லை. வேர் முள். மரத்தின் வேரை வளரும்போதே வளைத்துக் கட்டி, முள்ளின் உருவத்திலேயே வளரவிட்டு, முற்றிய பிறகு வெட்டி எடுப்பார்களாம். தகப்பன் கட்டிவிட்ட வேரை மகன் வெட்டுவானாம். போனில் அதன் படத்தைக் காட்டும்போதெல்லாம் அவள் கண் பளபளக்கும். ஒவ்வொரு தடவையும் எவனாவது பணக்காரன் தட்டிக்கொண்டு போய்விடுவான். அவளும் விடாமல் அதற்கென்றே தனியாகச் சேர்த்தாள்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, அது ராயபுரத்திலேயே ஏலத்துக்கு வந்தது. கப்பல் என்ஜினியராக இருந்து காலமான இன்னாசி என்பவர் வீட்டுச் சாமான்களோடு கிடந்தது. முத்தம்மா குளித்து, பூ வைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்து நாற்காலியில் செண்ட் வாசனையோடு ஒரு பழம்பொருள் வியாபாரி. எங்களைப் பார்த்து மூக்கைச் சுளித்துத் தள்ளி உட்கார்ந்தார்.

"மீன் வித்த துட்டு நாறாது சார், நல்லா குந்து" என்றாள் முத்தம்மா.

ஏலம் விட்டவர் தப்ரேஸ். முள்ளைத் தூக்கிக் காட்டியதும் முத்தம்மா கையைத் தூக்கினாள். முன்வரிசையில் ஒரு பெண்ணும் தூக்கினாள். இவள் ஏற்ற, அவள் ஏற்ற, விலை ஓடியது. அந்தப் பெண் திரும்பியபோதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. என்னிடம் மீன் வாங்குகிறவள்.

"யக்கா, அது அந்த இன்னாசி பொண்ணு ஜூடி. அண்ணங்காரனுங்க ஒரு வார்த்த கேக்காம அல்லாத்தையும் ஏலத்துக்குத் தள்ளிட்டானுங்களாம். அப்பன் போயி இன்னும் வருசம் திரும்பல" என்று காதில் சொன்னேன்.

முத்தம்மாவின் கை இறங்கிவிட்டது.

எங்கள் மீன் ஏலத்தில் ஒரு வழக்கம். சாவு விழுந்த வீட்டுக்காரர் ஒரு கூடைக்கு விலை சொன்னால், அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. மற்ற ஏலமும் அப்படித்தான் என்று முத்தம்மா நினைத்துவிட்டாள். ஜூடிக்கே விழுந்துவிடும் என்று நிம்மதியாகச் சாய்ந்துகூட உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து வியாபாரி கையைத் தூக்கினார்.

"யோவ்! துக்கக்காரங்க கேக்கறாங்க, நீ இன்னாய்யா மேல கேக்கறே?" என்று எழுந்துவிட்டாள். கூடம் முழுக்கச் சிரிப்பு.

"அம்மா, இங்க அந்த வழக்கமெல்லாம் கிடையாது. கேக்கறதுன்னா கேளுங்க, இல்லன்னா உக்காருங்க" என்றார் தப்ரேஸ்.

ஜூடி இன்னும் ஒரு தடவை ஏற்றினாள். வியாபாரி அதற்கும் மேலே போனார். அவள் அதோடு நிறுத்தித் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அப்போது முத்தம்மா வாயைத் திறந்தாள் பாருங்கள்! காசிமேட்டுக் குரல். வியாபாரி ஒன்று சொல்லி முடிப்பதற்குள் இவள் அடுத்ததைச் சொன்னாள். அவர் யோசித்து யோசித்து ஏற்ற, இவள் யோசிக்காமல் ஏற்றினாள். கடைசியில் அவர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினார். சேர்த்து வைத்த பணம் மொத்தமும் போனது. ஆனால் முள் அவள் கைக்கு வந்துவிட்டது. எனக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது.

வாசற்படியில் ஜூடி அழுதுகொண்டு நின்றாள். முத்தம்மா முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளைவில் கட்டைவிரலை வைத்து மெதுவாக ஓட்டினாள். கன்னத்தில் ஒரு தடவை வைத்துக்கொண்டாள். அப்புறம் ஜூடியின் கையில் கொடுத்துவிட்டாள்.

"ஐயோ ஆன்ட்டி, அவ்ளோ பணம் எங்கிட்ட இல்லியே" என்றாள் ஜூடி.

"நீ எங்க நிறுத்துனியோ அதக் குடு, போதும். அதுக்கு மேல ஏத்துனது அந்தாளு மேல எனக்கு வந்த கோவம். என் கோவத்துக்கு நீ ஏம்மா துட்டு குடுக்கணும்?"

ஆட்டோவில் ஏறியதும் நான் பிடித்துக்கொண்டேன். "உனக்கு இன்னா பைத்தியமாக்கா? எத்தினி வருசமா அதுக்காக ஏங்கிகினு இருந்தே! கைக்கு வந்தத எவளாவது குடுப்பாளா? அவ இன்னா உனக்கு சொந்தமா, பந்தமா?"

வண்ணாரப்பேட்டை நெரிசலில் வண்டி நின்றபோது அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எங்கூட்டு ஆள கடலு எடுத்துகினு போச்சே, அப்பறமா மொத மொதலா ஒரு எறா கூடைக்கு வெல சொன்னேன். எல்லாரும் வாய மூடிகினு நின்னீங்க. அந்தக் கூடையிலதான் நானும் விமலும் பொழைச்சி எழுந்தோம். நீயும்தான் நின்னே, குணா. அன்னிக்கு உனக்கு சரக்கே கெடைக்கல. வெறுங்கூடையோட நடந்து போனியே, நான் பாத்துகினுதான் இருந்தேன்."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. இத்தனை வருடமாக அவள் அதை மனசில் வைத்திருக்கிறாள்.

"சும்மா கெட" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று பயந்து, ஆட்டோக்காரனைத் திட்ட ஆரம்பித்தேன்.